வீட்டுப் படிப்பு: எந்தப் பாதைக்கு எந்தப் பதிவேடு?

பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்க முடிவெடுத்த பெற்றோர் முதலில் கேட்பது நேரசூசியைத்தான். காலையில் கணிதமா, விஞ்ஞானமா? ஒரு பாடத்துக்கு நாற்பது நிமிடமா, ஒரு மணி நேரமா? எந்தக் கொப்பியில் எழுதி வைப்பது? இவை எல்லாம் பிறகு வரவேண்டிய கேள்விகள். பதினெட்டு வயதில் பிள்ளையின் கையில் எந்தச் சான்றிதழ் இருக்கப்போகிறது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். அது தெரிந்துவிட்டால் எதைத் திட்டமிடுவது, எதைப் பதிவது, எதைப் பதியாமல் விடுவது என்பதெல்லாம் பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும்.

மலையகக் குடும்பம் ஒன்றுக்கு நடைமுறையில் நான்கு பாதைகள் உண்டு. உள்ளூர் க.பொ.த. (கல்விப் பொதுத் தராதர) சாதாரண தரத்தை, பாடசாலை வழியாக அல்லாமல் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். 'லண்டன் பரீட்சை' என்று நாம் சொல்லும் சர்வதேசப் பரீட்சைகளை எழுதலாம். அமெரிக்க வீட்டுக்கல்விக் குடும்பங்களைப் போலப் பெற்றோரே பாடநெறி வகுத்து, மதிப்பெண் பட்டியல் தயாரித்துக் கொடுக்கலாம். அல்லது சாதாரண தரம் வரை பாடசாலையில் விட்டு, உயர்தரத்தை மட்டும் வீட்டிலிருந்து படிக்கலாம்.

இவற்றை ஒப்பிடும்போது செலவையும் தரத்தையும் எல்லோரும் பார்ப்பார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது பதிவேட்டின் பாரத்தை. வெளியார் நடத்தும் பரீட்சை எவ்வளவு பலமானதோ, வீட்டுப் பதிவேடு அவ்வளவு இலேசாக இருந்தால் போதும். பரீட்சை இல்லாத பாதையில் பதிவேடுதான் சான்றிதழ். அங்கே ஒரு மாதம் எழுதாமல் விட்டால், அந்த மாதம் பிள்ளை படிக்கவே இல்லை என்றுதான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். தோட்டத்தில் செக்ரோலில் (வரவு இடாப்பில்) பெயர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பதைப் போலத்தான் இதுவும்.

பிள்ளையை ஏன் நிறுத்துகிறீர்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நீண்டகால நோய், மழைக்காலத்தில் அறுந்துபோகும் பாதை, கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தமிழ்மொழி மூல ஆசிரியர் இல்லாத நிலை ஆகியவை நியாயமான காரணங்கள். அதிபரோடு மனத்தாங்கல் என்றால் பாடசாலையை மாற்றுங்கள், வீட்டுக் கல்விக்கு வராதீர்கள். அந்தக் கோபம் ஒரு தவணைக்கு மேல் தாங்காது. பாடத்திட்டமோ இரண்டு ஆண்டு ஓடும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. இலங்கையில் கட்டாயக் கல்வியின் வயதெல்லை 2016இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. ஒன்பதாம் ஆண்டில் ஒரு பிள்ளை பாடசாலைக்கு வராமல் நின்றால், அதைப் படிப்பைக் கைவிட்ட பிள்ளையாகவே ஊர் பார்க்கும். அதிகாரிகளும் அப்படித்தான் பார்ப்பார்கள். ஆகவே நிறுத்துவதற்கு முன்பே வலயக் கல்விப் பணிமனைக்குப் போய்ப் பேசுங்கள். பேசியதைக் கடிதமாகவும் கொடுத்து, பிரதியில் கையொப்பமும் திகதி முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பாதையில் போனாலும் கோப்பில் போகவேண்டிய முதல் காகிதம் அந்தப் பிரதிதான்.

உள்ளூர் சாதாரண தரம்

பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் சொல்வது இந்தப் பாதையைத்தான். காரணம் எளிது. அரச வேலையோ, தாதியர் பயிற்சியோ, வங்கியோ எதுவானாலும் முதலில் கேட்கப்படுவது இந்தச் சான்றிதழ். தமிழில் எழுதலாம். பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெற்றோர் பலர் அறியாத இன்னொரு புதையலும் உண்டு. தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் ஆசிரியர் வழிகாட்டிகள் அவை. எந்த அலகுக்கு எத்தனை பாடவேளை என்பது அவற்றிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பாடவேளை 40 நிமிடம். முப்பது பாடவேளை ஒதுக்கப்பட்ட பகுதி என்றால் வகுப்பறையில் 20 மணி நேரம். நாற்பது பிள்ளைகள் அடங்கி உட்காரும் நேரமும் இடாப்பு கூப்பிடும் நேரமும் அதற்குள் அடக்கம். வீட்டில் ஒரு பிள்ளைக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஒதுக்கி, மிச்சத்தைப் பயிற்சிக்கு வையுங்கள். இணையத்தில் அழகான திட்டமிடல் அட்டவணைகளைத் தேடி அலைவதைவிட இந்த வழிகாட்டியை அச்செடுத்து வைத்துக்கொள்வது மேல்.

ஒன்பது பாடங்கள். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் கட்டாயம். மற்ற மூன்றையும் மூன்று தொகுதிகளிலிருந்து எடுக்க வேண்டும். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இந்தத் தெரிவில்தான் புத்தி வேண்டும். சங்கீதம், நடனம், சித்திரம் போன்ற அழகியல் பாடங்களுக்குச் செய்முறைப் பரீட்சையும் உண்டு. ஊரில் நல்ல குரு இருந்தால் எடுக்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம். முதல் தொகுதியில் வணிகக் கல்வியும் கணக்கீடும், இரண்டாவதில் தமிழ் இலக்கிய நயம், மூன்றாவதில் சுகாதாரமும் உடற்கல்வியும் என்று எடுத்தால் புத்தகமும் மேசையும் போதும். மலையகத்தில் வாழப்போகும் பிள்ளை முதல் தொகுதியில் இரண்டாம் மொழிச் சிங்களத்தை எடுத்தாலும் நல்லதே. கச்சேரிக்கோ பொலிஸுக்கோ போகும் நாளில் அது உதவும்.

உயர்தரத்துக்குப் போக வேண்டுமானால் தாய்மொழியும் கணிதமும் அடங்கலாக ஆறு பாடங்களில் சித்தி வேண்டும், அவற்றில் மூன்றில் திறமைச் சித்தி ('சி' அல்லது அதற்கு மேல்) வேண்டும். ஒன்பதிலும் 'ஏ' எடுப்பது கனவாக இருக்கட்டும். திட்டம் இந்த எல்லையிலிருந்து எழுதப்பட வேண்டும்: எந்த மூன்று பாடங்கள் நிச்சயமாகத் திறமைச் சித்தி தரும், எது ஆபத்தில் இருக்கிறது? ஆபத்தில் இருப்பது பெரும்பாலும் கணிதம்தான். வாரத்தின் சிறந்த நேரத்தை, பிள்ளை தூங்கி வழியாத காலை நேரத்தை, அதற்கே கொடுத்துவிடுங்கள்.

பரீட்சைக் காலம் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு காலத்தில் சாதாரண தரம் என்றால் டிசம்பர். 2021க்குரிய பரீட்சை 2022 மே மாதத்தில் நடந்தது. 2023க்குரியது 2024 மேயிலும், 2024க்குரியது 2025 மார்ச்சிலும் நடந்தன. இந்த மாதம் இந்த அலகு என்று கல்லில் பொறித்த திட்டம் ஒவ்வொரு அறிவித்தலுக்கும் உடைந்துபோகும். அலகுகளின் வரிசையை மட்டும் உறுதியாக வைத்து, கடைசி மூன்று மாதங்களைக் கடந்தகால வினாத்தாள்களுக்கென்று விட்டுவிட்டால் திகதி முன்னுக்கு வந்தாலும் பின்னுக்குப் போனாலும் சமாளிக்கலாம்.

பதிவேட்டுக்கு வருவோம். இந்தப் பாதையில் உங்கள் கொப்பியை யாரும் மதிப்பெண்ணுக்காகப் பார்க்கப்போவதில்லை. அதனால் தினமும் பக்கம் பக்கமாக எழுதத் தேவையில்லை. வாரத்துக்கு ஒரு பக்கம் போதும்: எந்த அலகு முடிந்தது, எது மிச்சம், என்ன புள்ளி. வினாத்தாள் செய்யத் தொடங்கிய பிறகு தனியாக ஒரு பட்டியல் வையுங்கள். வினாத்தாளின் ஆண்டு, பகுதி, எடுத்த நேரம், புள்ளி, பிழைத்த வினாக்கள் எந்த அலகைச் சேர்ந்தவை என்பன அதில் வரட்டும். விஞ்ஞானம், வரலாறு போன்ற பாடங்களின் முதற்பகுதியில் 40 பல்தேர்வு வினாக்கள், ஒரு மணி நேரம். ஐந்தாறு ஆண்டு வினாத்தாள்களின் பிழைகளை அலகுவாரியாகக் கூட்டிப் பார்த்தால், பிள்ளை எங்கே வழுக்குகிறது என்பதை எந்த டியூஷன் ஆசிரியரை விடவும் தெளிவாக அந்தப் பட்டியல் காட்டும்.

கனமான பதிவேடு வேறு ஒன்று இருக்கிறது. பிள்ளை யார், எங்கே இருக்கிறது என்பதற்கான காகிதங்கள் அவை. பாடசாலையில் இருந்தால் பரீட்சை விண்ணப்பத்தையும் அடையாள அட்டை விண்ணப்பத்தையும் அதிபர் பார்த்துக்கொள்வார். வெளியே வந்துவிட்டால் இரண்டும் உங்கள் தலையில். பரீட்சைகள் திணைக்களத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியே நேரடியாக இணையத்தின் வழியே விண்ணப்பிக்க வேண்டும். பத்திரிகை அறிவித்தலைத் தவறவிட்டால் ஞாபகப்படுத்த யாரும் இல்லை. தேசிய அடையாள அட்டையை 15 வயதிலேயே எடுக்கலாம். கிராம உத்தியோகத்தரோ தோட்ட அத்தியட்சகரோ உறுதிப்படுத்த வேண்டும். பதினைந்தாவது பிறந்தநாள் முடிந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். பரீட்சை மண்டபத்தின் வாசலில் அது இல்லாமல் நிற்கும் நிலை வரக் கூடாது.

பெயரைப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் சிங்களத்தில் ஒரு மாதிரி, பாடசாலை இடாப்பில் தமிழில் இன்னொரு மாதிரி, தடுப்பூசி அட்டையில் ஆங்கிலத்தில் வேறொரு மாதிரி என்று ஒரே பிள்ளை மூன்று பேராக இருப்பது நம் தோட்டங்களில் சாதாரணம். முத்துலெட்சுமி எங்கோ ஓரிடத்தில் முத்துலக்ஷ்மியாகியிருப்பாள், தகப்பன் பெயர் பின்னுக்கு வந்திருக்கும். திருத்தம் செய்யப் பிரதேச செயலகத்துக்குப் பல தடவை நடக்க வேண்டியிருக்கும். அதைப் பரீட்சை ஆண்டில் வைத்துக்கொள்ளாமல் முதல் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள். காகிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று மலையகத்தாருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. இல்லாதவர்கள் நாடற்றவர்களானார்கள். அந்தக் கதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது.

முகவரியும் ஒரு தொல்லை. லயன் அறைகள் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்ட அலுவலகத்தில் குவிந்து, யாராவது மேலே போகும்போது கைமாறி வரும். தனிப்பட்ட பரீட்சார்த்தியின் அனுமதி அட்டைக்கு இப்படி ஒரு பயணம் ஆபத்தானது. தபாலை மட்டும் நம்பியிராமல், பரீட்சைத் திகதி நெருங்கும்போது இணையத்தில் நீங்களே பாருங்கள். விண்ணப்பித்த அன்றே விண்ணப்பத்தின் அச்சுப் பிரதியையும் கட்டணப் பற்றுச்சீட்டையும் கோப்பில் போடுங்கள்.

லண்டன் பரீட்சை

ஆங்கில மொழி மூலம் படித்த பிள்ளைக்கும், வெளிநாட்டிலோ தனியார் நிறுவனத்திலோ பட்டப்படிப்பு என்று ஏற்கெனவே முடிவெடுத்த குடும்பத்துக்கும் இது நல்ல பாதை. மற்றவர்களுக்கு இது பெருமைக்குரிய செலவு. கட்டணம் பவுணை ஒட்டி நிர்ணயிக்கப்படுவதால் ரூபாய் விழும்போதெல்லாம் ஏறும், அதுவும் பாடத்துக்குப் பாடம். தமிழ்மொழி மூலம் ஒன்பதாம் ஆண்டு வரை வந்த பிள்ளையைத் திடீரென இதில் போட்டால், முதல் ஆண்டு முழுவதும் விஞ்ஞானத்துக்குப் பதிலாக ஆங்கிலச் சொற்களைத்தான் படிக்கும்.

ஆனாலும் வீட்டுக் கல்விக்கு இந்தப் பரீட்சைகள் சில விதங்களில் உள்ளூர்ப் பரீட்சையை விட வசதியானவை. ஒன்பது பாடம் என்ற கட்டாயம் இல்லை. ஐந்தோ ஆறோ எடுக்கலாம், அதையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. இவற்றை நடத்தும் பிரித்தானிய நிறுவனங்களில் பியர்சன் எடெக்செலும் கேம்பிரிஜும் முக்கியமானவை. சாதாரண தரத்துக்கு நிகரான எடெக்செல் சர்வதேச ஜிசிஎஸ்இ பரீட்சையில் விஞ்ஞானப் பாடங்கள் எழுத்துப் பரீட்சையாலேயே மதிப்பிடப்படுகின்றன. கேம்பிரிஜில் செய்முறைப் பரீட்சைக்குப் பதிலாக எழுதும் ஒரு வினாத்தாளைத் தெரிவு செய்யலாம். வீட்டில் ஆய்வுகூடம் இல்லாத குறை பரீட்சையில் தெரியாது. எடெக்செலின் சர்வதேச உயர்தரம் அலகு அலகாக எழுதக்கூடியது. நோயாளிப் பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி.

இந்தப் பாதையில் பதிவேடு என்பது பெரும்பாலும் திகதிகளின் பதிவேடு. பரீட்சைக்குப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு முடிந்துவிடும், தாமதித்தால் மேலதிகக் கட்டணம். பாடக் குறியீட்டையும் அந்தக் குறியீட்டுக்குரிய பாடத்திட்டத்தின் பிரதியையும் ஒன்றாக வைத்திருங்கள். பழைய குறியீட்டுக்குரிய புத்தகத்தை இரண்டாம் கையாக வாங்கி ஒரு வருடம் படிப்பதைப் போன்ற வீண்வேலை இல்லை. ஒன்றை மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு ஏற்றுக்கொள்ளுங்கள்: அரச பல்கலைக்கழகங்களுக்கான வழக்கமான அனுமதி உள்ளூர் உயர்தரத்தின் இஸட் புள்ளி (பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணக்கிடும் புள்ளி) வழியாகவே நடக்கிறது. லண்டன் பாதையில் கடைசி வரை போகிறவர் இலவசப் பட்டப்படிப்பைக் கைவிடுகிறார் என்றே கணக்கு வைக்க வேண்டும்.

பெற்றோரே கொடுக்கும் மதிப்பெண் பட்டியல்

இணையத்தில் வீட்டுக் கல்வி என்று தேடினால் கிடைப்பதில் பெரும்பகுதி அமெரிக்கக் குடும்பங்களின் அனுபவம். அங்கே 9 முதல் 12ஆம் வகுப்பு வரையான நான்கு ஆண்டுகளுக்கு, பாடநெறிக்கு ஒரு 'கிரெடிட்' என்று கணக்கு வைக்கிறார்கள். ஏறக்குறைய 120 மணி நேரப் படிப்பு ஒரு கிரெடிட். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான கார்னெகி அலகு என்ற அளவீட்டிலிருந்து வந்தது இது. 'ஏ' என்றால் 4, 'பி' என்றால் 3 என்று சராசரி கணக்கிட்டு, ஒரு பக்கப் பட்டியலாக்கி, தாயோ தகப்பனோ கையொப்பமிடுகிறார்கள். அதோடு ஒவ்வொரு பாடநெறிக்கும் ஒரு பந்தி விளக்கம், வாசித்த நூல்களின் பட்டியல், சிறந்த கட்டுரைகளின் மாதிரிகள். அமெரிக்கக் கல்லூரிகள் இதை ஏற்றுக்கொள்கின்றன. அநேகமாக எஸ்ஏடி போன்ற வெளிப் பரீட்சை ஒன்றும் துணைக்கு நிற்கும்.

இங்கே அந்தப் பட்டியலை மட்டும் நீட்டினால் ஹட்டனில் ஒரு வங்கிக் கிளை கூட அதை வாங்கிப் பார்க்காது. ஆகவே தனிப் பாதையாக இதை நான் யாருக்கும் சொல்வதில்லை. வெளிநாட்டில் இருக்கும் மாமாவோ சித்தியோ "இங்கே வந்து படிக்கட்டும்" என்று உறுதியாகச் சொல்லியிருந்தாலும், சாதாரண தரத்தை எழுதி வைத்துக்கொண்டு இதைத் துணையாகச் செய்யுங்கள். செய்வதென்றால் அன்றன்றைக்கே மணிக்கணக்கு எழுத வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து ஞாபகத்திலிருந்து எழுதிய மணிக்கணக்கு எல்லாம் அழகான முழு எண்களாக இருக்கும்; அனுமதி வழங்குபவர் அதைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார்.

கொப்பியா, கைபேசியா?

நல்ல தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்றுக்கே என் வாக்கு. கணினி அட்டவணை கூட்டிக் கழித்துத் தரும், உண்மைதான். ஆனால் மின்சாரமும் டேட்டாவும் சிக்னலும் ஒரே நேரத்தில் இருக்கும் நாட்களை மட்டுமே அது பதியும். காசு கட்டிப் பயன்படுத்தும் திட்டமிடல் செயலிகள் அமெரிக்கக் கிரெடிட் கணக்குக்காகச் செய்யப்பட்டவை. உள்ளூர்ப் பாடத்திட்டத்துக்கு அவற்றை வளைப்பதற்குள் ஒரு தவணை போய்விடும். கொப்பியில் எழுதுங்கள், பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள், நீங்கள் வாரம் ஒரு முறை பார்த்துக் கையொப்பமிடுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளை தன் கையால் "இந்த வாரம் ஒன்றும் செய்யவில்லை" என்று எழுதுவது எந்த ஏச்சை விடவும் வேலை செய்யும்.

கைபேசியின் வேலை பிரதி எடுப்பது. மாதக் கடைசியில் பக்கங்களைப் படமெடுத்து, கொழும்பிலோ வேறெங்கோ இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். பிறப்புச் சான்றிதழ், விடுகைப் பத்திரம் ஆகியவற்றின் படங்களும் அங்கே இருக்கட்டும். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் வீடுகள் மண்ணுக்குள் போயின, நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையே இடைநிறுத்தப்பட்டது. உயிரோடு வெளியே வந்தவர்கள் அலுமாரியைத் தூக்கிக்கொண்டு வரவில்லை.

உயர்தரத்தை மட்டும் வீட்டிலிருந்து

இந்தப் பாதையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. எனக்கென்னவோ, மலையகத்துக்குப் பல சமயங்களில் மிகப் பொருத்தமானது இதுதான். சாதாரண தரம் வரை ஒன்பது பாடங்களைத் தாய் தகப்பன் இழுப்பது கடினம். உயர்தரத்தில் மூன்று பிரதான பாடங்கள்தான். பொது ஆங்கிலமும் பொதுச் சாதாரணப் பரீட்சையும் கூட உண்டு, ஆனால் சுமை அந்த மூன்றில்தான். பாடசாலைப் பரீட்சார்த்திக்கு 80 சதவீத வரவு என்ற விதி இருக்கிறது. தூரத்திலிருந்து பஸ் ஏறுகிற பிள்ளைக்கு அது சுலபமில்லை. தனிப்பட்ட பரீட்சார்த்திக்கு அந்தக் கவலை இல்லை.

பதிவேட்டில் கவனிக்க வேண்டியது மாவட்டம். பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகிறது. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் அடங்கும். வெட்டுப்புள்ளி (அனுமதிக்குத் தேவையான ஆகக்குறைந்த புள்ளி) குறைவு என்பதால் வெளிமாவட்டத்தார் இங்கே வந்து எழுதுகிறார்கள் என்ற முறைப்பாடு நெடுநாளாக உண்டு, அதனால் வதிவிடம் கண்டிப்பாகப் பார்க்கப்படும். உயர்தரத்துக்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் பிள்ளை இந்த மாவட்டத்தில்தான் இருந்தது என்பதைக் காட்டும் காகிதங்களை, வாக்காளர் இடாப்புப் பிரதியிலிருந்து கிராம உத்தியோகத்தரின் சான்று வரை, ஆண்டுக்கு ஒரு முறை எடுத்துக் கோப்பில் சேருங்கள். பாடசாலையில் இருந்த பிள்ளைக்கு இடாப்பே சாட்சி. வீட்டில் இருந்த பிள்ளைக்கு இந்தக் கோப்பைத் தவிர வேறு சாட்சி இல்லை.

கலைப் பிரிவும் வணிகப் பிரிவும் இப்படி வீட்டிலிருந்து நன்றாகவே நடக்கும். தமிழ், புவியியல், அரசறிவியல் என்று எடுத்தவர் புத்தகமும் வினாத்தாளும் வாரத்துக்கு ஒரு வகுப்பும் வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம். கலைப் பிரிவு அனுமதியில் மாவட்டக் கணக்கு இல்லை என்பதை மட்டும் இந்தப் பிரிவை எடுப்பவர் நினைவில் வைக்கட்டும். உயிரியலோ பௌதிகமோ என்றால் கதை வேறு. பரிசோதனையைக் கண்ணால் பார்க்காத பிள்ளை அமைப்புக் கட்டுரை வினாவில் தடுமாறும். அதற்குப் பண்டாரவளையிலோ ஹட்டனிலோ கண்டியிலோ ஒரு உறவினர் வீட்டில் தங்க வைத்துப் பாடசாலைக்கே அனுப்புங்கள். மாவட்டம் மாறினால் மேலே சொன்ன மூன்று ஆண்டுக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள்.